மூலைக்கு மூலை போனால் எத்தனை அடி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) போல ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டில், சண்டை தொடங்கி இரண்டாவது சுற்றுக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். ஒருவர் தன் ஆளைத் தூக்கி மூலைக்கு மூலையாக ஆறு கட்டம் கொண்டுபோய் கோப்ளின் என்ற எதிரிப் பூதத்துக்குப் பக்கத்தில் வைப்பார். "மச்சான், அது முப்பது அடி இல்லை, நாற்பத்தைந்து" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வரும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒருவர் வாசித்தது ஒரு பதிப்பு, மற்றவர் வாசித்தது இன்னொன்று. ஆட்டத்தை நடத்துகிற டி.எம். அந்த நேரத்துக்குத் தோன்றியதைத் தீர்ப்பாகச் சொல்லி ஆட்டத்தை நகர்த்துவார். அரை மணித்தியாலம் கழித்து அம்பு எய்யும்போது வேறு கணக்கு வரும், ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் விழும்போது மூன்றாவது கணக்கு வரும். அதற்குப் பிறகு யாரும் தூரத்தை நம்பி ஆடமாட்டார்கள். எங்கே நிற்பது என்று யோசிப்பதையே விட்டுவிடுவார்கள். மேசையில் கட்டம் போட்ட மட்டை இருந்தும் பயனில்லை.

மூலைவிட்டத்தைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிடுகிற மேசைகள் நிறைய. ஆனால் ஒரு காவலாளியால் ஒரு வழியை மறிக்க முடியுமா, வில்லாளிக்கு இன்னொரு அம்பு எய்ய நேரம் கிடைக்குமா, நெருப்புக்குள் எத்தனை பேர் அகப்படுவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு விதியில்தான் தங்கியிருக்கிறது. எந்தக் கணக்கு என்பதை ஆட்டம் தொடங்க முன்பே சொல்லிவிட வேண்டும், வரைபடத்தையும் அந்தக் கணக்குக்கு ஏற்றபடி வரைய வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் அளவு. இன்று பெரும்பாலான மேசைகளில் ஒரு கட்டம் 5 அடி, மட்டையில் அது ஒரு அங்குலம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 இல் வந்தபோது, மேசையில் பொம்மைப் படைகளை வைத்து அடிமட்டத்தால் அளந்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்துதான் வந்தது. அதனால் ஆரம்பகாலப் பதிப்புகளில் ஓட்டமும் வீச்சும் அங்குலத்தில் இருந்தன: நிலத்தடியில் ஒரு அங்குலம் 10 அடி, வெளியில் 10 யார். 5 அடிக் கட்டம் நிலையானதெல்லாம் பிறகுதான். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய மொழிபெயர்ப்புகளில் ஒரு கட்டத்தை 1.5 மீட்டர் என்று வைக்கிறார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. பாதையைக் கிலோமீட்டரில் சொன்னாலும் வீட்டையும் கிணற்றையும் அடியில்தான் சொல்கிறோம், எனவே "முப்பது அடி" என்றதும் கண்ணுக்குள் ஒரு அளவு வந்துவிடும்.

ஆனாலும் மேசையில் அடியில் பேசாதீர்கள், கட்டத்தில் பேசுங்கள். "வேகம் 30" என்று பாத்திரத் தாளில் இருந்தால் பக்கத்தில் பென்சிலால் "6 கட்டம்" என்று எழுதிவிடுங்கள். 60 அடி மந்திரம் 12 கட்டம். நீள்வில்லின் 150 அடி 30 கட்டம், அதாவது உங்கள் மட்டைக்கு வெளியே. ஒவ்வொரு முறையும் ஐந்தால் பெருக்கி, பிறகு ஐந்தால் வகுத்துக்கொண்டிருந்தால் ஆட்டம் இழுபடும். 2008 இல் வந்த நான்காம் பதிப்பு விதிநூலே அடியை விட்டுவிட்டுக் கட்டத்தில் எழுதப்பட்டது. அந்தப் பதிப்பைப் பிடிக்காதவர்கள்கூட இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணும்போது வரும் பிழைகளில் அதிகமாக நடப்பது தொடக்கக் கட்டத்தையும் சேர்த்து எண்ணுவது. நிற்கும் கட்டம் பூச்சியம். பக்கத்துக் கட்டம் ஒன்று. இலக்கு நிற்கும் கட்டத்தையும் எண்ண வேண்டும். இடையில் இருக்கும் வெற்றுக் கட்டங்களை மட்டும் எண்ணுகிறவருக்கு 5 அடி லாபம், தன் கட்டத்தையும் எண்ணுகிறவருக்கு 5 அடி நட்டம். ஒரே மேசையில் இரண்டு வகை ஆட்களும் இருப்பார்கள். ஓகர் போல இரண்டுக்கு இரண்டு கட்டம் பிடிக்கும் பெரிய உருவமென்றால், தாக்குதலுக்கு அதன் மிகக் கிட்டிய கட்டத்திலிருந்து எண்ணுங்கள். அதை நகர்த்தும்போது நான்கில் ஒரு கட்டத்தை மட்டும், சொல்லப்போனால் முன் இடது கட்டத்தை, கடைசி வரை பின்தொடருங்கள். நடுவில் வேறு கட்டத்துக்கு மாறினால் ஓகருக்கு ஒரு கட்டம் இலவசமாகக் கிடைத்துவிடும்.

இரண்டு விதிகள்

ஐந்தாம் பதிப்பின் 2014 விளையாட்டாளர் நூலில் கட்டத்தில் ஆடுவதற்கான விதி எளிமையானது: எந்தப் பக்கம் போனாலும் ஒரு கட்டத்துக்குள் நுழைய 5 அடி, மூலைக்குப் போனாலும் 5 அடி. சதுரங்கத்து ராசா நகர்வதுபோல. நான்காம் பதிப்பிலும் இதுவே. கணக்கு இப்படி: குறுக்கே எத்தனை கட்டம், நெடுக்கே எத்தனை கட்டம் என்று பாருங்கள். இரண்டில் பெரியதுதான் தூரம்.

2003 இல் வந்த 3.5 பதிப்பும், அதன் வழிவந்த பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டும் வேறு விதி வைத்தன. முதல் மூலை 5 அடி, இரண்டாவது மூலை 10, மூன்றாவது 5, நான்காவது 10. இதை 5-10-5 என்பார்கள். ஐந்தாம் பதிப்பிலும் டி.எம். நூலில் விருப்ப விதியாக இது இருக்கிறது. மனக்கணக்குக்கு ஒரு குறுக்கு வழி: பெரிய எண்ணோடு சிறிய எண்ணின் பாதியைக் கூட்டுங்கள், அரை வந்தால் விட்டுவிடுங்கள். குறுக்கே 4, நெடுக்கே 3 என்றால் 4 + 1 = 5 கட்டம், 25 அடி. பள்ளிக்கூடத்தில் படித்த 3-4-5 முக்கோணமும் இதையே சொல்கிறது. முதல் விதிப்படி அதே தூரம் 4 கட்டம்தான்.

எது உண்மைக்குக் கிட்ட? ஒரு கட்டத்தின் மூலைவிட்டம் 1.414 கட்டம். முதல் விதி அதை 1 என்கிறது, எனவே நேர் மூலையில் ஓடுகிறவன் உண்மையில் 41 விழுக்காடு கூடுதலாக ஓடிவிடுகிறான். 5-10-5 சராசரியாக 1.5 என்கிறது, 6 விழுக்காடுதான் கூட. அதன் பெரிய பிழை நேர் மூலையில் இல்லை, குறுக்கே 2 நெடுக்கே 1 என்ற சாய்வில் வரும். அங்கேயும் 12 விழுக்காட்டைத் தாண்டாது. (2, 1 என்ற தனித் தூரத்தில் அரையை விட்டுவிடுவதால் அது தெரியாது. நீளம் கூடக் கூடத்தான் தெரியும்.)

ஆனால் உண்மைக்குக் கிட்ட இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு விதியைத் தெரிவுசெய்யத் தேவையில்லை. ஆட்டத்துக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

கொப்பியில் ஒரு பக்கம் கட்டம் எடுத்துக்கொண்டு இதை வரையுங்கள். கீழே ஒரு கோப்ளின். நேர் மேலே ஆறாவது கட்டத்தில் உங்கள் மந்திரவாதி. இரண்டுக்கும் நடுவில், கோப்ளினிலிருந்து மூன்றாவது கட்டத்தில், வாளோடு உங்கள் காவல் வீரன். வாள் எட்டும் தூரம் ஒரு கட்டம், எனவே அவனைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டமும் அவன் பிடிக்குள். கோப்ளினுக்கு வேகம் 6 கட்டம்.

முதல் விதிப்படி கோப்ளின் வலப்பக்க மூலைக்கு இரண்டு கட்டம் போகிறது. அங்கிருந்து நேராக இரண்டு கட்டம். பிறகு இடப்பக்க மூலைக்கு இரண்டு கட்டம். மொத்தம் ஆறு. மந்திரவாதியின் கட்டத்துக்கே வந்துவிட்டது. காவல் வீரனின் எட்டுக் கட்டத்தில் ஒன்றைக்கூட மிதிக்கவில்லை, எனவே வாய்ப்புத் தாக்குதலும் (பிடியை விட்டு விலகுகிறவருக்கு விழும் இலவச அடியும்) இல்லை. நேராகப் போனாலும் ஆறு, வளைந்து போனாலும் ஆறு. மந்திரவாதிக்குப் பக்கத்தில் நின்று குத்த ஐந்தே போதும், ஒரு கட்டம் மிச்சமும் இருக்கிறது. வெளியில் நிற்கும் காவலாளியால் யாரையும் மறிக்க முடியாது என்பதுதான் இதன் அர்த்தம்.

இப்போது அதே பாதையை 5-10-5 இல் எண்ணுங்கள். நான்கு மூலை: 1, 2, 1, 2, ஆக 6. நேர் கட்டம் இரண்டு. மொத்தம் 8 கட்டம், 40 அடி. மந்திரவாதியின் பக்கத்துக் கட்டத்தில் நிற்பதற்கே 6 கட்டம் போய்விடும், மட்டுமட்டாகத்தான் எட்டும். மந்திரவாதியை ஒரே ஒரு கட்டம் பின்னால் நிறுத்தினால் கோப்ளின் எட்டாது. அங்கே காவலாளிக்கு ஒரு வேலை இருக்கிறது, மந்திரவாதிக்கும் எங்கே நிற்பது என்பதில் ஒரு முடிவு இருக்கிறது.

அதற்காக முதல் விதி கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாக ஆடவந்தவர்கள் இருக்கும் மேசைக்கு அதுதான் ஏற்றது. எண்ணுவது கெதியாக முடியும். ஆனால் அந்த விதியில் ஆடினால் வரைபடத்தில் சுவர் வேண்டும். காவலாளி நடுவில் நின்றால் மூன்று கட்டம் அகலமான வழியை முழுதாக மறிப்பான். இரண்டு கட்டம் எட்டும் ஈட்டிக்கோல் வைத்திருந்தால் ஐந்து கட்டம். அதற்கு மேல் அகலம் என்றால் ஆள் இருந்தும் இல்லாததுதான். திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாசலைப் போன்ற ஒடுங்கிய வாசல், கடற்பாறைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை, இரண்டு வள்ளங்களுக்கு இடையில் ஒரு சந்து என்று போடுங்கள். டச்சுக்குடாக் கடற்கரை போல வெறும் மணல்வெளியில் சண்டை வைக்க ஆசையென்றால் 5-10-5 க்கு மாறுங்கள், அல்லது அறுகோணத்துக்கு. அறுகோணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

5-10-5 இல் நடக்கும் பிழைகள் மூன்று. முதலாவது, ஒருவர் ஒரு மூலை போய், வெட்டிவிட்டு, மீண்டும் ஒரு மூலை போகும்போது அதைப் புதிய "முதல் மூலை" என்று 5 அடியாக எண்ணுவது. ஒருவருடைய முறைக்குள் எத்தனை துண்டாக நகர்ந்தாலும் மூலைக் கணக்கு தொடர்ந்து ஓடும், முறை முடிந்த பிறகுதான் பூச்சியத்துக்கு வரும். கைவிரலை மடக்கி வைத்தால் போதும்: விரல் மடங்கியிருந்தால் அடுத்த மூலை பத்து.

இரண்டாவது, சேறு, இடிபாடு, முழங்கால் தண்ணீர் போன்ற கடின நிலம். ஐந்தாம் பதிப்பில் ஒரு கட்டத்துக்கு இரண்டு கட்டக் கூலி, மூலையானாலும் அதுவே. 3.5 இல் கடின நிலத்தில் மூலைக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் மூன்று. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் கட்டத்துக்கு 5 அடி கூடும், அந்தக் கூடுதல் மூலைக்காக மேலும் பெருகாது. எனவே அங்கே மூலைகள் 10, 15, 10, 15 என்று போகும். வேறு வேறு நூல்களிலிருந்து வந்தவர்கள் ஒரே மேசையில் இருந்தால் இதை முதலே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நீண்ட ஆயுதம். இரண்டு கட்டம் எட்டும் ஈட்டிக்கு 5-10-5 ஐ அப்படியே பிரயோகித்தால் இரண்டாவது மூலைக் கட்டம் 15 அடி ஆகிவிடும், ஈட்டி எட்டாது. எதிரி நான்கு மூலைகளாலும் உள்ளே வந்துவிடுவான். விதியை எழுதியவர்களுக்கு இது தெரியும். 3.5 இலும் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பிலும், 10 அடி எட்டும் ஆயுதத்துக்கு மட்டும் இரண்டாவது மூலைக் கட்டமும் எட்டும் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். இந்த வரியை வாசிக்காத டி.எம். ஈட்டி வீரனுக்கு அநியாயம் செய்கிறார்.

எந்த விதியானாலும் சுவரின் மூலையை வெட்டிக்கொண்டு போகக் கூடாது. கட்டத்தை முழுதாக நிரப்பும் சுவர், பெரிய மரம், தூண் இவற்றின் மூலையை ஒட்டி மூலைவாக்கில் நழுவ முடியாது, இரண்டு நேர் அடி வைக்க வேண்டும். ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவருக்கு இதில்தான் 5 அடி போகும், அதனால் இதில்தான் சத்தமும் கூடுதலாக வரும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை ஒரு களமாகப் போட்டுப் பாருங்கள். ஏழு சிறு சதுரக் கிணறுகள், ஆழம் குறைவு, சுற்றிவர மதில். மதில் மூலையை வெட்ட முடியாது. கிணற்றுக் கட்டு தாழ்ந்தது, அதன் மூலையைத் தாண்டலாம், ஏறிக் கடந்தால் கடின நிலம், உள்ளே விழுந்தால் வேறு கதை. இப்படி எது "நிரம்பிய" கட்டம், எது தாழ்ந்த கட்டம் என்று வரைபடத்திலேயே இரண்டு நிறத்தில் காட்டிவிட்டால் தகராறு இராது. அந்த முற்றத்தைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டமாக வரைந்தால், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு முதல் விதியில் 11 கட்டம்: வேகம் 6 உள்ளவன் இரட்டை ஓட்டம் ஓடி ஒரே முறையில் சேர்ந்துவிடுவான். 5-10-5 இல் 16 கட்டம். அந்த மூலையில் நிற்கும் வில்லாளிக்கு இன்னொரு அம்பு கிடைக்கிறது.

வட்டம் எப்போது சதுரமாகிறது

20 அடி ஆரமுள்ள ஃபயர்பால். நான்கு கட்டங்கள் சந்திக்கும் புள்ளியை நடுவாக வைத்து முதல் விதிப்படி எண்ணினால் எட்டுக்கு எட்டு, 64 கட்டம். வட்டம் என்று பெயர், விழுவது சதுரம். 5-10-5 படி எண்ணினால் 44 கட்டம். நிசமான வட்டத்தின் பரப்பு 50 கட்டத்துக்குச் சற்று மேல். நூலில் ஒரே மந்திரம், மேசையில் இருபது கட்ட வித்தியாசம்.

இதற்கு நான் சொல்வது: நகர்வதற்கு எந்த விதி என்றாலும் வட்டத்துக்கு ஒரு வளையம் செய்துவிடுங்கள். கட்டம் 2.5 செ.மீ. என்றால் விட்டம் 20 செ.மீ. கட்டுக்கம்பி 64 செ.மீ. வெட்டி, ஒரு செ.மீ. மேல்கூட்டி வளைத்துச் செலோடேப் சுற்றினால் முடிந்தது. கட்டத்தின் நடுப்புள்ளி வளையத்துக்குள் விழுந்தால் அந்தக் கட்டம் எரியும். இப்படி எண்ணினால் 52 கட்டம் வரும், உண்மைக்கு மிகவும் கிட்ட. மட்டையில் வெட்டிய முழு வட்டத்தை விடக் கம்பி நல்லது, ஏனென்றால் மினிகளை (ஆட்டப் பொம்மைகளை) தூக்காமல் மேலே வைக்கலாம். நடுவை எப்போதும் கோடுகள் வெட்டும் புள்ளியில் வையுங்கள். கட்டத்தின் நடுவில் வைத்தால் எண்ணிக்கை மாறும், அடுத்த தடவை இன்னொருவர் அதைச் சாட்டாக எடுப்பார்.

கூம்பாக விரியும் தாக்குதலுக்கும் அதேபோல. ஐந்தாம் பதிப்பில் கூம்பின் அகலம் எந்த இடத்திலும் தொடக்கப் புள்ளியிலிருந்து உள்ள தூரத்துக்குச் சமம். 15 அடிக் கூம்பென்றால் உயரம் 7.5 செ.மீ., அடிப்பக்கம் 7.5 செ.மீ. முக்கோணம். டிராகன் ஊதும் 60 அடிக் கூம்புக்கு இரண்டும் 30 செ.மீ. பிரிஸ்டல் போர்டில் வெட்டி வைத்தால் ஒன்றை ஆண்டுக்கணக்கில் பாவிக்கலாம்.

பறக்கிறவர்களுக்கு உயரமும் ஒரு பக்கம்தான். குறுக்கே 40 அடி, மேலே 30 அடி என்றால் உண்மையில் 50. முதல் விதியில் 40, 5-10-5 இல் 55. எந்த விதியோ அதையே மேலுக்கும் வையுங்கள். தரைக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று வேண்டாம். உயரத்தைக் காட்ட மினிக்குப் பக்கத்தில் ஒரு தாயக்கட்டையை வைத்து, எண் ஒன்றுக்கு 10 அடி என்று பேசிக்கொள்ளலாம்.

மறைப்பைப் பார்க்க ஒரு தையல் நூல் போதும். அடிக்கிறவர் தன் கட்டத்தில் ஒரு மூலையைத் தெரிவுசெய்து, அங்கிருந்து இலக்கின் கட்டத்து நான்கு மூலைக்கும் நூல் பிடிக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ தடைபட்டால் அரை மறைப்பு, பாதுகாப்பு எண்ணுக்கு +2. மூன்றோ நான்கோ தடைபட்டும் எய்ய முடிந்தால் முக்கால் மறைப்பு, +5.

அறுகோணம், அதைவிட எளிய செங்கல்

அறுகோணத்தில் ஆறு பக்கத்து அயலும் ஒரே தூரம், மூலை என்ற பேச்சே இல்லை. அவலோன் ஹில் நிறுவனம் 1958 இல் சதுரக் கட்டத்தோடு விட்ட கெட்டிஸ்பேர்க் விளையாட்டை 1961 இல் அறுகோணத்துக்கு மாற்றியது. 1974 இன் முதல் டி அண்ட் டி, காட்டுப் பயணத்துக்கு அதே நிறுவனத்தின் அவுட்டோர் சர்வைவல் பலகையைப் பாவிக்கச் சொன்னது. அதுவும் அறுகோணம். 1986 இல் வந்த கர்ப்ஸ் என்ற விளையாட்டு சண்டைக்கே ஒரு யார் அறுகோணத்தை வைத்தது. அறுகோணத்திலும் பிழை உண்டு: இரண்டு அயல்களுக்கு நடுவில் உள்ள திசையில் போனால் 15 விழுக்காடு கூடுதலாக எண்ணப்படும். ஆனால் அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருப்பதால் யாருக்கும் குறுக்கு வழி கிடைக்காது. வெளிநிலத்துக்கு இதைவிட நல்லது இல்லை. அறைகளுக்கு வேண்டாம். சுவர் அறுகோணத்தைப் பாதியாக வெட்டும், பாதிக் கட்டத்தில் நிற்கலாமா என்று ஒவ்வொரு அறையிலும் கேட்பார்கள்.

அறுகோணத்தைக் கையால் கீறுவது பெரும்பாடு. அதற்குப் பதில் செங்கல் வரிசை கீறுங்கள். ஒவ்வொரு வரியும் 2.2 செ.மீ. உயரம், கட்டம் 2.5 செ.மீ. அகலம், ஒன்றுவிட்ட வரிகளை 1.25 செ.மீ. தள்ளித் தொடங்குங்கள். எல்லாம் நேர்கோடு, அடிமட்டம் மட்டும் போதும். ஒவ்வொரு செங்கலுக்கும் ஆறு அயல்: இரண்டு பக்கத்தில் இரண்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு. எண்ணுவதில் அறுகோணத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உயரத்தையும் 2.5 ஆக வைத்தால் கணக்கு மாறாது, ஆனால் வளையம் வைக்கும்போது வட்டம் பொருந்தாது. 2.2 என்று சொன்னதற்குக் காரணம், அப்போது சாய்ந்த அயலின் நடுவும் ஏறக்குறைய 2.5 செ.மீ. தூரத்தில் வரும்.

மட்டையைச் செய்வது

திருகோணமலையில் அச்சடித்த பேட்டில் மேட் (கட்டம் போட்ட மட்டை) தேடி அலைய வேண்டாம். புத்தகக்கடைப் பிரிஸ்டல் போர்ட் ஒன்று, அதற்கு மேல் மேசைக்கு விரிக்கும் தெளிவான பிளாஸ்டிக். கட்டத்தை போர்டில் நிரந்தரமாகக் கீறி, சுவரையும் மரத்தையும் பிளாஸ்டிக்கில் வரைந்து அழிக்கலாம். வைட்போர்ட் மார்க்கர் சில பிளாஸ்டிக்கில் ஒரு இரவு இருந்தாலே ஊறிப்போகும். ஓரத்தில் ஒரு கோடு கீறி, மறுநாள் அழிகிறதா என்று பார்த்துவிட்டுப் பாவியுங்கள். கடற்காற்று ஈரத்தில் போர்ட் நெளியும், சுருட்டி வைக்காமல் கட்டில் மெத்தைக்குக் கீழே தட்டையாக வையுங்கள்.

கீறும்போது அடிமட்டத்தை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி அளக்காதீர்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் அரை மில்லிமீட்டர் பிழைத்தால் இருபதாவது கட்டத்தில் ஒரு செ.மீ. போய்விடும். நீள அளவுநாடாவை ஒரு ஓரத்தில் ஒட்டி, ஒரே பூச்சியத்திலிருந்து 2.5, 5, 7.5 என்று எல்லாப் புள்ளியையும் போடுங்கள். எதிர் ஓரத்திலும் அப்படியே போட்டு இரண்டையும் இணையுங்கள். முதல் மூலை நேராக இருக்கிறதா என்று 3-4-5 ஆல் பாருங்கள்: ஒரு பக்கம் 30 செ.மீ., மறு பக்கம் 40 செ.மீ., சாய்வு சரியாக 50 வர வேண்டும்.

2.5 செ.மீ. கட்டமா, ஒரு அங்குலக் கட்டமா? ஒரு அங்குலம் 2.54. ஒரு கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது, 24 கட்டத்தில் ஏறக்குறைய ஒரு செ.மீ. கையால் கீறிய மட்டைக்குப் பக்கத்தில் அச்செடுத்த அறையை வைத்தால் கோடுகள் விலகுவது அதனால்தான். இரண்டையும் கலப்பதென்றால் கையாலும் அங்குலத்தில் கீறுங்கள். அச்செடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவை நிறுத்தி 100 விழுக்காட்டில் எடுங்கள், கொம்யூனிகேசன் கடையிலும் அதைச் சொல்லிக் கேளுங்கள். முதல் தாள் வந்ததும் 10 கட்டத்தை அளந்தால் 254 மி.மீ. இருக்க வேண்டும். ஏ4 தாளில் விளிம்பு போக 7 க்கு 10 கட்டம் நிம்மதியாக அடங்கும், 8 க்கு 11 முயன்றால் ஓரக் கோடு அச்சில் விழாது.

மினி இல்லாவிட்டால் நாணயக்குற்றியில் படம் ஒட்டினால் போதும். ஐந்து ரூபாய்க் குற்றி ஒரு கட்டத்துக்குள் அடங்கும், பத்து ரூபாய்க் குற்றி கோட்டைத் தாண்டும். வெறும் கடதாசி டோக்கன் கச்சான் காற்றுக்கும் மின்விசிறிக்கும் நிற்காது. அது பறந்தபின் யார் எந்தக் கட்டத்தில் நின்றார் என்பதற்குச் சாட்சி இராது.

எல்லாவற்றையும் கட்டத்தில் போடவும் வேண்டாம். கிண்ணியாப் பாலம் 396 மீட்டர், 5 அடிக் கட்டத்தில் 260 கட்டம், மேசையில் இருபத்தொரு அடிக்கு மேல். பாலத்தின் நடுவில் சண்டை என்றால் சண்டை நடக்கும் 30 கட்டத்தை மட்டும் வரைந்து, மிச்சத்தை "இன்னும் எத்தனை முறை ஓட வேண்டும்" என்று எண்ணால் வைத்திருங்கள். வேகம் 6 உள்ளவன் இரட்டை ஓட்டத்தில் முறைக்கு 12 கட்டம், முழுப் பாலத்துக்கும் 22 முறை. பெரிய பயணத்துக்கு 6 மைல் அறுகோணம் வசதி: ஐந்தாம் பதிப்பில் சாதாரண நடையில் நாளுக்கு 24 மைல், அதாவது நான்கு அறுகோணம். அங்கே நடந்து போகும் தூரத்துக்கும் நேராக அளக்கும் தூரத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியும். கொட்டியாரக்குடாவில் திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கடலால் நேர் கோடு, தரையால் கிண்ணியா சுற்றி வர வேண்டும். பறவைக்கும் வள்ளத்துக்கும் நேராக எண்ணுங்கள், நடக்கிறவருக்குப் பாதையை எண்ணுங்கள்.

டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மச்சானும் சேர்ந்து ஆடுகிறான், பாதிப்பேர் ரோல்20 என்ற இணைய மேசையில் என்றால், அங்கேயும் அதே விதி ஓடுகிறதா என்று பாருங்கள். பக்க அமைப்பில் மூலைவிட்டக் கணக்குக்கு நான்கு தெரிவுகள் இருக்கின்றன: ஐந்தாம் பதிப்பு முறை, பாத்ஃபைண்டர் அல்லது 3.5 முறை, நேர்கோட்டுத் தூரம், மூலையை இரண்டு கட்டமாக எண்ணும் மன்ஹட்டன் முறை. ஒரு கட்டம் 70 பிக்சல், எனவே 22 க்கு 30 கட்ட வரைபடத்தை 1540 க்கு 2100 பிக்சலில் ஏற்றினால் கோடு கோட்டில் விழும். ஏற்றியதும் அளவுகோல் கருவியால் குறுக்கே 4, நெடுக்கே 3 கட்டம் இழுத்துப் பாருங்கள். 20 அடி காட்டினால் முதல் விதி, 35 காட்டினால் மன்ஹட்டன். 25 வந்தால் 5-10-5 ஆகவும் இருக்கலாம், நேர்கோட்டுத் தூரமாகவும் இருக்கலாம். அப்போது இரண்டுக்கு இரண்டு இழுங்கள்: 15 என்றால் 5-10-5, 14 சொச்சம் என்றால் நேர்கோடு.